பூல்மணி எங்கே, கீர்த்தனா?

அருள்புரம்
12.2.2025

அன்புள்ள கீர்த்தனா,

இதைக் கம்பெனி புகார்ப் பெட்டியில்தான் போடுகிறேன். அதன் சாவி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தொழிலாளர் கமிட்டிக் கூட்டத்தில் நீயே சொன்னாய். ஃப்ளோரில் உன்னை மேடம் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஆனால் இதை முதலாளி மகளான மேடத்துக்கு எழுத எனக்கு வரவில்லை. ப்ளஸ் டூ வரை என்னோடு படித்தவளுக்கு எழுதுகிறேன். பொங்கல் சமயத்தில் கண்வலி என்றாயே, சரியாகிவிட்டதா?

விஷயம் இதுதான். மூன்றாவது லைனில் பூல்மணி என்று ஒரு பெண் தைக்கிறாள். ஜார்க்கண்டுக்காரி, பத்தொன்பது வயது. நான் செக்கிங்குக்கு நிற்கும் மேஜைக்கு நேர் எதிரில் அவள் மெஷின். அவள் தைத்ததில் குறை கண்டுபிடிப்பது அபூர்வம். போன வாரத்திலிருந்து எல்லாமே கோணல். என்னம்மா என்று கேட்டேன். ஊரில் அம்மாவுக்கு உடம்பு மிகவும் மோசமாம். அண்ணனுடைய நம்பரை ஒரு லேபிளின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிட்டேன். என் அரைகுறை இந்தியைக் கேட்டதற்கே அவன் அழுதுவிட்டான். அம்மா எழுந்து உட்காருவதே இல்லை, ஒரு தடவை தங்கையை அனுப்பி வையுங்கள் என்றான்.

அவள் வார்டன் ஞானாம்பாள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். ஷிப்மென்ட் முடியட்டும் என்றாராம். அவளுடைய போனும் ஆதார் அட்டையும் ஹாஸ்டல் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. அவளுடையது மட்டுமில்லை, அங்கிருக்கும் நாற்பத்திரண்டு பேருடையதும். ஷிஃப்ட் முடிந்து உள்ளே போனதும் கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிடுகிறார்கள். இது உனக்குத் தெரியாது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

அட்டையையும் போனையும் அவளிடம் கொடுக்கச் சொல். கேட்டைத் திறந்து விடச் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ சிரித்துப் பேசி என்னைச் சமாதானம் செய்துவிடுவாய். அதனால்தான் எழுதினேன்.

உன்
அன்புசெல்வி


திருப்பூர்
14.2.2025

அன்புள்ள செல்வி,

கண்வலி போய்விட்டது. கேட்டாயே, அதற்கே உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

பூட்டு விஷயம் எனக்குத் தெரியும். தெரியாது என்று உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாஸ்டலில் இருந்து ஒரு பெண் கடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போலீஸ் வந்து அப்பாவை நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தது. அதற்குப் பிறகு போட்ட பூட்டு அது. அந்தப் பெண்களைப் பெற்றவர்களே பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அனுப்புகிறார்கள். அட்டைகளைத் தொலைத்துவிடக்கூடாது என்று வார்டன் வாங்கி வைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். மார்ச் நான்காம் தேதி, நம்மிடம் துணி வாங்கப்போகும் புது பையரின் ஆடிட். போன வருஷம் ஒரு ஆர்டர் கைநழுவியபோது ஒரு ஷிஃப்டையே வீட்டுக்கு அனுப்பினோமே, அதில் உன் அம்மாவும் இருந்தார்கள். அறுநூறு பேர் செல்வி. அறுநூறு அடுப்பு. மார்ச் ஐந்தாம் தேதி பூல்மணியை நானே ரயிலேற்றி விடுகிறேன். இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

ஆடிட்டர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் லைனைப் பற்றி, கேன்டீனைப் பற்றிச் சொல். ஹாஸ்டல் பேச்சு வேண்டாம். வாட்ஸப்பில் எதையும் அனுப்பாதே, பெட்டியிலும் இனிப் போடாதே. மேனேஜர் குமாரவேல் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறார். தபாலில் என் பெயருக்கு அனுப்பு.

என்னைப் புரிந்துகொள்வாய் என்ற நம்பிக்கையோடு,
கீர்த்தனா


அருள்புரம்
19.2.2025

அன்புள்ள கீர்த்தனா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை நீ சொல்வது சரி என்றே தோன்றியது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவும் உன் பக்கம்தான். "அவ நமக்கு யாரு கண்ணு? எந்தூர்க்காரியோ. அவளுக்காக நம்ம வேலையைக் கெடுத்துக்கறதா?" என்றார். கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா என்று லைனில் இரண்டு பேரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இந்திக்காரிகளுக்கு எதற்கு இத்தனை கரிசனம் என்று கேட்டார்கள்.

அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூல்மணி துணி காயப்போடும் மாடியிலிருந்து பக்கத்துச் சுவருக்குத் தாவப் பார்த்திருக்கிறாள். பிடித்துவிட்டார்கள். திங்கள்கிழமை வேலைக்கு வந்தபோது முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் அவளை மட்டும் தனியாக, பழைய சாமான் போடும் அறையில் வைக்கிறார்களாம். சாப்பாடு உள்ளே போகிறது. கேட்டால் இதையும் பாதுகாப்பு என்பார்கள். உன் அறைக்கு வெளியிலிருந்து யார் கீர்த்தனா தாழ் போடுகிறார்கள்?

கம்பெனி வாசலில் நீ மாட்டியிருக்கும் போர்டை இன்று நின்று படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் தமிழைத் திருத்தச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாய். தொழிலாளர்களுக்கான சலுகைகள் என்று எழுதியிருந்தது. சலுகையை அடித்துவிட்டு உரிமை என்று எழுதினேன். ஒரு வார்த்தையில் என்ன வந்துவிடப் போகிறது என்று நீ சிரித்தாய். எனக்கும் அன்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. சலுகை என்றால் ஷிப்மென்ட் முடியட்டும் என்று சொல்லலாம். உரிமை என்றால் சொல்ல முடியாது. தலைப்புக்குக் கீழே எல்லா மனிதருக்கும் என்றுதான் அந்தப் போர்டு தொடங்குகிறது. அவள் எந்தூர், நமக்கு யார் என்ற கேள்வி அதில் எங்கேயும் இல்லை.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன். அவளை அனுப்பவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பேன். உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

அன்புசெல்வி


திருப்பூர்
22.2.2025

செல்வி,

போகாதே. தயவுசெய்து போகாதே.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, சத்தியம். ஆனால் நீ லைனில் பேசியது குமாரவேல் வழியாக அப்பாவுக்குப் போய்விட்டது. நேற்றுச் சாப்பாட்டு மேஜையில், "நம்ம தோட்டத்துல வேலை செஞ்ச ஊட்டுப் புள்ளை, நம்மளையே கலெக்டர்கிட்ட இழுக்குதா?" என்றார். நான் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனசில் உனக்கு வேலை கொடுத்ததும், மருதாள் அத்தையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதும் எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த நன்றியையாவது நீ நினைத்துப் பார்க்கக்கூடாதா?

திங்கள்கிழமை நீ போனால் செவ்வாய்க்கிழமை அத்தையை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நான் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

கீர்த்தனா


அருள்புரம்
23.2.2025

கீர்த்தனா,

என் அம்மாவை அத்தை என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தில் மட்டும் அத்தை. நேரில் எப்போதும் மருதாள்தான். பள்ளிக்கூட நாளில் உங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். கார் நிறுத்தும் இடத்தில் நின்று பேசுவோம். அதைத் தாண்டி உள்ளே வா என்று நீ கூப்பிட்டதில்லை, நானும் வரவில்லை. உன்னை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. ஒரு இடத்தைத் தாண்டக்கூடாது என்று யாரும் சொல்லாமலேயே தெரிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பூல்மணிக்கு அதற்குப் பூட்டே போட்டுவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அவள் நமக்கு யார் என்று அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் அதுதான்.

நான் வேலை செய்தேன். அம்மா வேலை செய்தார். அதற்கு மேல் நன்றி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நாளைக் காலை போகிறேன். அம்மாவும் கூட வருகிறார். அழுதார், பிறகு கட்டிக்கொள்ள எந்தச் சேலை நல்லது என்று கேட்டார்.

அன்புசெல்வி


அருள்புரம்
28.2.2025
பதிவுத் தபால்

கீர்த்தனா,

நேற்று அதிகாரிகள் ஹாஸ்டலுக்கு வந்தார்கள். மனு கொடுத்தவள் என்று என்னையும் உள்ளே கூட்டிப் போனார்கள். கேட் அகலத் திறந்திருந்தது. எல்லார் கையிலும் போன். பூட்டுப் போட்ட அடையாளமே இல்லை. நாற்பத்தொரு பெண்கள் வரிசையாக நின்று, ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூல்மணி அங்கே இல்லை. "அந்தப் புள்ள புதங்கெழமையே ஊருக்குப் போயிருச்சுங்க" என்று ஞானாம்பாள் அம்மா சொன்னார். பதிவேட்டில் விடுப்பு என்று எழுதியிருந்தது. அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

பொய்ப் புகார் கொடுத்ததற்காக என்னை சஸ்பெண்ட் செய்து குமாரவேல் கடிதம் கொடுத்துவிட்டார். அம்மாவை நீ சொன்னபடியே செவ்வாய்க்கிழமை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை.

பூல்மணியின் அண்ணனிடம் பேசினேன். அவள் கிளம்பியதாக அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. அவர்களுடைய அம்மா பூல்மணி பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

பூல்மணி எங்கே, கீர்த்தனா?

அன்புசெல்வி


அருள்புரம்
4.3.2025

கீர்த்தனா,

என் கடிதம் கிடைத்ததற்கான அட்டை உன் கையெழுத்தோடு எனக்கு வந்துவிட்டது. பதில் வரவில்லை. பூல்மணி இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. இன்று உங்களுக்கு ஆடிட் என்று நினைவிருக்கிறது.

பூல்மணி எங்கே?

அ.


திருப்பூர்
9.3.2025

அன்புள்ள செல்வி,

அவள் ரயிலேறிவிட்டாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

உன் பதிவுத் தபால் வந்த அன்றே அப்பாவிடம் கேட்டேன். ஊருக்கு அனுப்பியாச்சு என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். நம்பினேன். நம்ப வேண்டும் போல இருந்தது, அதனால் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான்காம் தேதி காலையிலிருந்து ஆடிட்டரோடு நடந்தேன். நீ திருத்திய போர்டின் முன்னால் நிறுத்தி அவருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாத் தொழிலாளர்களும் அவரவர் அடையாள அட்டையை அவரவரே வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை செல்வி.

அவர் போன பிறகு ஹாஸ்டல் ஆபீசுக்குப் போனேன். ஆடிட்டுக்காகக் கொடுத்த அட்டைகளையெல்லாம் ஞானாம்பாள் அம்மா அதற்குள் திரும்ப வாங்கி, பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடியில் பூல்மணியின் அட்டையும் போனும் இருந்தன. ஊருக்குப் போனவள் இவற்றை விட்டுவிட்டா போவாள்? அந்த அம்மாவிடம் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் என்னங்க பண்றது, பெரியவரு சொன்னாரு" என்றார். அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், பல்லடம் தாண்டி இருக்கும் என் சித்தப்பாவின் கோழிப்பண்ணைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நானே கார் ஓட்டிப் போனேன். தீவன மூட்டை அடுக்கும் கொட்டகையில் இருந்தாள். சும்மா இருக்க வைக்கவில்லை, முட்டை பொறுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மேடம், நான் தப்பு பண்ணலை" என்றாள். அதை மட்டும் மூன்று தடவை சொன்னாள். தமிழில் அவள் நன்றாகக் கற்று வைத்திருந்த வாக்கியம் அதுதான் போல.

அட்டையையும் போனையும் நீட்டினேன். வாங்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். எங்கேயும் வேண்டாம், இது உன்னுடையது என்றேன். அப்படியும் சந்தேகமாகவே பார்த்தாள்.

மதியம் ஜார்க்கண்டுக்குப் போகும் தன்பாத் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை, நன்றியும் சொல்லவில்லை. அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் அங்கே நின்றேன் என்பது வண்டி நகர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அப்பா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. அது போகட்டும். செல்வி, அவள் போய்விட்டாள். நீ கேட்டது நடந்துவிட்டது. இனி அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். உன் சஸ்பெண்டை எடுக்க வைக்கிறேன். உன் அம்மா திங்கள்கிழமையே வேலைக்கு வரலாம். இத்தோடு விட்டுவிடுவோம்.

உன்
கீர்த்தனா


அருள்புரம்
17.3.2025

கீர்த்தனா,

பூல்மணி வீடு போய்ச் சேர்ந்தது எட்டாம் தேதி. அவள் அம்மா இறந்தது ஆறாம் தேதி. அவள் வண்டியில் இருந்திருக்கிறாள். வழியில் போனை சார்ஜ் போட முடியாமல், ஊர் எல்லையில் இறங்கிய பிறகுதான் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாளாம். அடக்கமும் முடிந்துவிட்டது.

எந்தத் தேதியில் அனுப்பியிருந்தால் அவள் அம்மாவைப் பார்த்திருப்பாள் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நீ கோழிப்பண்ணைக்குப் போனதை நான் குறைவாக நினைக்கவில்லை. உன் அப்பாவை மீறி அந்தக் காரை எடுக்க உனக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டுக்கொள். ஆடிட் முடிந்த அன்றே கேட்டைத் திரும்பப் பூட்டிவிட்டார்கள். லைனில் இருக்கும் ஒரு பெண் என் வீட்டுப் பக்கமாக வந்தவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நாற்பத்தொரு பேர் உள்ளே. அவர்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு நாளைக்கு உடம்பு முடியாமல் போனால், நீ மறுபடியும் காரை எடுத்துக்கொண்டு போவாயா? அன்று நீ ஊரில் இல்லையென்றால்? உன் மனசு அன்று இளகவில்லையென்றால்? நீ நல்லவளாக இருந்தால் போதாது கீர்த்தனா. நீ நல்லவளாக இல்லாத நாளிலும் அந்தக் கேட் திறந்திருக்க வேண்டும். நான் மனுவில் எழுதிக் கேட்டது அதைத்தான்.

அதைத் திரும்ப வாங்க மாட்டேன். பூல்மணி இங்கே இல்லாததால் நான் சொல்வது பொய் என்றே பதிவாகியிருக்கிறது. அவளை ரயிலேற்றியதில் உங்களுக்கும் ஒரு வசதி இருக்கிறது என்பது உனக்குத் தோன்றியிருக்காது. உன் அப்பாவுக்குத் தோன்றியிருக்கும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்லக்கூடியவள் இப்போது நீ ஒருத்திதான். என் சஸ்பெண்டைப் பற்றித் தொழிலாளர் ஆபீசில் விசாரணை நடக்கப்போகிறது. பீரோவில் பார்த்ததையும், கொட்டகையில் பார்த்ததையும் எழுதிக் கொடு. முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி போடு. நான் வேறு வழி பார்க்கிறேன். மௌனமாக மட்டும் இருக்காதே.

அன்புசெல்வி


கோயம்புத்தூர்
2.4.2025

அன்புள்ள செல்வி,

இதோடு இருப்பது என் வாக்குமூலத்தின் நகல். அசலை மார்ச் இருபத்தெட்டாம் தேதி தொழிலாளர் ஆபீசில் கொடுத்து, முத்திரை வாங்கிவிட்டேன். பூட்டு, பீரோ, கோழிப்பண்ணை எல்லாம் இருக்கிறது. பூட்டு எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும் என்பதையும் எழுதியிருக்கிறேன். அதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு முழு நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன். ஆடிட்டருக்கும் நான் சொன்னது பொய் என்று தனியாக எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது கூடத்தில் நின்றுதான் படித்தேன். தேதிகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஆடிட்டரோடு நான் போர்டு பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாளை என்னால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

கொடுப்பதற்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்ய மாட்டேன் என்று நீ எனக்குச் செய்ததை நானும் செய்தேன். அவர் கத்தவில்லை. காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இந்த ஊட்டை ஒருக்காப் பாத்துக்க, கண்ணு" என்றார். அவ்வளவுதான். அவருடைய பேனாவே மேஜையில் இருந்தது, அதில்தான் போட்டேன். நான் பெட்டி எடுத்துக்கொண்டு இறங்கும்போது அம்மா மட்டும் வாசல் வரை வந்தாள்.

இங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். முதல் நாள் உரிமையாளர் அம்மா என் கையில் வாசல் சாவி ஒன்று கொடுத்து, வெளியே போனால் பூட்டிக்கொண்டு போ என்றார். அறைக்கு வந்து வெகுநேரம் அழுதேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நமக்குள் இனி என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

கீர்த்தனா


அருள்புரம்
28.4.2025

அன்புள்ள கீர்த்தனா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. இங்கே நடப்பதெல்லாம் முடிந்து, உருப்படியாகச் சொல்ல ஏதாவது கிடைக்கட்டும் என்று இருந்தேன்.

உன் வாக்குமூலத்துக்குப் பிறகு அதிகாரிகள் சொல்லாமல் வந்தார்கள். பூட்டோடு கேட்டைப் பார்த்தார்கள். பீரோவைத் திறக்கச் சொல்லி, அட்டைகளைப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். பதினொரு பெண்கள் அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். போன ஞாயிறு அருள்புரம் பஸ் ஸ்டாப்பில் நான்கு பேரைப் பார்த்தேன். வார்டன் இல்லாமல், கரும்புச்சாறு குடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

நல்லது மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். பையர் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார். தொண்ணூறு பேருக்கு வேலை போயிருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களோடு பேசுவதில்லை. நீ முதலில் எழுதிய அந்த அறுநூறு அடுப்பை நான் மறக்கவில்லை. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் மனு கொடுத்தேன் என்று சொன்னால் இப்போது யாரும் கேட்க மாட்டார்கள். அம்மா பல்லடத்தில் ஒரு தறிக்கூடத்துக்கு நூல் சுற்றப் போகிறார். அவள் நமக்கு யார் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. போனில் பூல்மணி வந்தால் என் கையிலிருந்து பிடுங்கி, சாப்பிட்டாயா என்று தமிழிலேயே கேட்கிறார்.

என் சஸ்பெண்ட் விசாரணையும் ஹாஸ்டல் விசாரணையும் சேர்த்து மே ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. உனக்கும் சம்மன் வந்திருக்கும்.

பூல்மணி வருகிறாள். நான் கூப்பிடவில்லை. வர வேண்டாம், நகல் இருக்கிறது, கீர்த்தனா மேடம் சொல்வார் என்றுகூடச் சொன்னேன். "பூட்டி வெச்சது என்னை அக்கா. நான்தான் சொல்லணும்" என்றாள். அண்ணனோடு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் வீட்டில் தங்குகிறாள்.

நீயும் வருவாயா என்று கேட்டாள். வருவாய் என்றேன். அதற்குப் பிறகு வண்டி நேரத்தைப் பற்றி மட்டும் பேசினாள். உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். எனக்கு உன் மேல் இருக்கும் வருத்தம் ஆறிவிடும், ஆறிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் மன்னிப்பதா வேண்டாமா என்பது என் கையில் இல்லை.

விசாரணை அறைக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருப்போம். சீக்கிரமே வா. பூல்மணிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கிறேன். அவளைக் கேட்டுவிட்டு உட்கார்.

அன்புடன்,
செல்வி